எஞ்சின் ஓடும்போதே விமானம் விழுவது ஏன்?

கேள்வி: என் மகள் அமெரிக்காவில் விமானிப் பயிற்சி பெறுகிறாள். அடுத்த மாதம் முதன்முறையாகத் தனியாகப் பறக்கப்போகிறாள். சிறிய விமானங்கள் ஓடுதளத்துக்கு அருகில் வந்த பிறகுதான் பல நேரம் விழுகின்றன என்று படிக்கிறேன். எஞ்சின் நன்றாக ஓடும்போது விமானம் ஏன் விழ வேண்டும்? அவளிடம் நான் என்ன கேட்பது?

பதில்: எஞ்சின் ஓடுவது வேறு, இறக்கை தாங்குவது வேறு. இறக்கையின் மேல்புறத்தை ஒட்டிக் காற்று ஓடும்வரை அது விமானத்தைத் தூக்கிப் பிடிக்கும். வேகம் குறையக் குறைய, உயரத்தைக் காப்பாற்ற விமானி மூக்கை நிமிர்த்துகிறார். ஓர் அளவுக்கு மேல் நிமிர்த்தினால் காற்று இறக்கையை விட்டுப் பிரிந்துவிடும். தாங்கும் விசை சட்டென்று சரியும். இதுதான் ஸ்டால். கார் எஞ்சின் நின்றுபோவதற்கும் இதே சொல் வழங்குவதால், செய்தி எழுதுபவர்கள்கூடச் சில நேரம் எஞ்சின் நின்றதாக எழுதிவிடுகிறார்கள்.

ஃபிளாப் என்பது இறக்கையின் பின்விளிம்பில் உள்ள மடிப்புப் பலகை; அதை இறக்கினால் குறைந்த வேகத்திலும் இறக்கை தாங்கும். பயிற்சிப் பள்ளிகளில் அதிகம் புழங்கும் செஸ்னா 172, ஃபிளாப்களை முழுவதும் இறக்கிய நிலையில், வேகம் சுமார் 40 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஏறத்தாழ 1.85 கிலோமீட்டர்) ஆகக் குறையும்வரை தாங்கும்; அதற்குக் கீழே போனால் ஸ்டால். இறங்க வருவது 60 முதல் 65 நாட் வேகத்தில். கையிருப்பு இருபது சொச்சம்தான். திரும்பினால் அதுவும் கரையும்: உயரம் குறையாமல் 45 டிகிரி சாய்ந்து திரும்பினால் ஸ்டால் வேகம் ஏறத்தாழ 19 சதவீதம் கூடுகிறது, 60 டிகிரியில் 41 சதவீதம். ஓடுதளத்தின் நேர்க்கோட்டைத் தாண்டிவிட்டோமே என்று கடைசித் திருப்பத்தை இறுக்கிப் பிடிப்பவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். மூவாயிரம் அடியில் மூக்கைத் தாழ்த்தி மீண்டுவிடலாம். ஐந்நூறு அடியில் அதற்கு இடமில்லை.

2016 ஜூன் 9 அன்று ஹூஸ்டன் ஹாபி விமான நிலையத்தில் நடந்ததை நான் எல்லா மாணவர்களுக்கும் சொல்வேன். சிரஸ் எஸ்ஆர்20 என்ற சிறிய விமானம், உள்ளே மூவர். ஜெட் விமானங்கள் வரிசைகட்டி இறங்கும் நிலையம் அது. பின்னால் போயிங் 737 ஒன்று வந்துகொண்டிருந்ததால், முதல்முறை இறங்காமல் விலகும்படி கட்டுப்பாட்டுக் கோபுரம் சொன்னது. அடுத்து வேறு ஓடுதளம். வந்தபோது உயரம் அதிகம், இறங்க முடியவில்லை. மூன்றாம் முறையும் அப்படியே. இடையில் மாறி மாறி உத்தரவுகள். மூன்றாவது விலகலில், போதிய வேகம் சேருமுன்பே ஃபிளாப்கள் உள்ளே இழுக்கப்பட்டன. விமானம் ஸ்டால் ஆகிச் சுழன்று ஒரு கடையின் வாகன நிறுத்தத்தில் விழுந்தது. மூவரும் இறந்தனர்.

மூன்று முறை முயன்றது தவறு என்று சிலர் சொல்வார்கள். நான் சொல்லமாட்டேன். சரிப்படாதபோது விலகி மேலேறியது சரியான முடிவே. பிசகியது மேலேறிய விதம். முதலில் எஞ்சினின் முழு விசை, பிறகு வேகம், அதற்குப் பின்பே படிப்படியாக ஃபிளாப். செஸ்னா 172எஸ் கையேட்டின்படி, 60 நாட் வேகமும் பத்திரமான உயரமும் வந்த பிறகே அவற்றை முழுவதும் உள்ளே இழுக்க வேண்டும்.

மகளிடம் 'பத்திரமாக இருக்கிறாயா?' என்று கேட்டால் 'இருக்கிறேன்' என்றுதான் சொல்வாள். அதைவிட, இந்த வாரம் எத்தனை முறை இறங்காமல் மேலேறிப் பழகினாய் என்று கேளுங்கள். ஒருமுறைகூட இல்லை என்றால், பயிற்றுநரிடம் அவளே கேட்டு வாங்க வேண்டிய பாடம் அது. அடுத்து, கோபுரம் சொல்வதைச் செய்ய முடியாதபோது என்ன சொல்வாய் என்று கேளுங்கள். 'அன்ஏபிள்' என்ற ஒரே சொல் போதும். 'என்னால் இயலாது' என்று பொருள். விமானியின் உரிமை அது. பெரியவர்கள் சொன்னால் தட்டாமல் வளர்ந்த பிள்ளைகளுக்கு அந்தச் சொல் வாயில் எளிதில் வராது. கண்ணாடி முன் நின்றாவது உரக்கச் சொல்லிப் பழகட்டும்.

இதையெல்லாம் இந்த வாரமே பேசிவிடுங்கள். தனியாகப் பறக்கும் நாள் காலையில் தொலைபேசியில் அழைத்துக் கேட்காதீர்கள்.