ரோஸ்மில்க்கும் சிவப்புதான்

கேள்வி: பதினொன்றாம் வகுப்பு படிக்கும் என் மகளுக்கு ஹீமோகுளோபின் 8.6 என்று வந்திருக்கிறது. தினமும் மாதுளை கொடு, ரத்தம் ஊறும் என்கிறார் என் மாமியார். மாதுளையில் வெறும் சர்க்கரைதான், பீட்ரூட் ஜூஸ் கொடு என்கிறார் நாத்தனார். இரண்டில் எதில் சத்து அதிகம்? வீட்டில் தினமும் இதே பேச்சு. (பள்ளியில் கொடுக்கும் சத்து மாத்திரை வயிற்றைப் பிரட்டுகிறது என்று அவள் சாப்பிடுவதில்லை.)
- ஒரு வாசகி, மன்னார்குடி

பதில்: மாமியாருக்கும் நாத்தனாருக்கும் நடுவில் என்னை நடுவராக உட்கார வைக்கிறீர்கள். சரி, தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரும்புச்சத்தில் ஜெயித்தது நாத்தனார். ஆனால் அவர் இனிப்பு வாங்கிக் கொடுக்கிற அளவுக்கான வெற்றி இல்லை இது. நூற்றுக்கு மூன்று மார்க் வாங்கியவனை எட்டு மார்க் வாங்கியவன் முந்திய கதை.

100 கிராம் மாதுளை முத்தில் இருக்கும் இரும்பு சுமார் 0.3 மில்லிகிராம். அதே எடை பீட்ரூட்டில் சுமார் 0.8. வயது வந்த ஒரு பெண்ணுக்கு நாளொன்றுக்கு 29 மில்லிகிராம் வேண்டும் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020 பரிந்துரை. நீங்களே வகுத்துப் பாருங்கள். மாதுளையை மட்டும் நம்பினால் தினம் ஒன்பது கிலோவுக்கு மேல் முத்து உதிர்க்க வேண்டும். பீட்ரூட் என்றால் மூன்றரை கிலோவுக்குக் குறையாது. உங்கள் வீட்டு மிக்ஸி தாங்காது.

இத்தனை சொற்ப இரும்பை வைத்துக்கொண்டு இரண்டும் இவ்வளவு பேர் வாங்கியது எப்படி? நிறத்தால்தான். ரத்தம் சிவப்பு, ஜூஸும் சிவப்பு, அதனால் இது அதுவாகிவிடும் என்று ஒரு கணக்கு. அந்தக் கணக்கில் ரோஸ்மில்க் குடித்தாலும் ரத்தம் ஊற வேண்டும். மாதுளையின் சிவப்புக்குக் காரணம் ஆந்தோசயனின். நாவல் பழத்தை ஊதாவாக்குவதும் அந்த வகைச் சாயம்தான். பீட்ரூட்டில் இருப்பது பீட்டானின் என்கிற வேறொன்று. இந்தச் சாயங்கள் இரண்டிலும் இரும்பு கிடையாது. ரத்தத்தைச் சிவப்பாக்குவது ஹீமோகுளோபினுக்குள் இரும்பைப் பிடித்து வைத்திருக்கும் 'ஹீம்' என்ற பகுதி. அதற்கும் இந்தச் சாயங்களுக்கும் சொந்தமும் இல்லை, பந்தமும் இல்லை.

பீட்டானின் சிலருக்கு உடம்பில் முழுதாகச் சிதையாது, அப்படியே வெளியே வந்துவிடும். என் அத்தை ஒருநாள் இரவு பீட்ரூட் பொரியலை ஒரு கை பார்த்துவிட்டு, மறுநாள் காலையில் குளியலறையிலிருந்து "ஐயோ, ரத்தம் ரத்தமா போகுதே" என்று அலறினார். ஆட்டோ வரவழைத்து, செருப்பு மாட்டி, வாசல் வரை வந்த பிறகுதான் ராத்திரி சாப்பிட்டது யாருக்கோ ஞாபகம் வந்தது. இதற்கு வைத்தியம் தேவையில்லை. ஆனால் பீட்ரூட் சாப்பிடாத நாளில் அப்படிப் போனால், அன்றைக்கு ஆட்டோவைத் திருப்பி அனுப்பாதீர்கள்.

மற்றச் சத்துகளையும் கேட்கிறீர்கள் அல்லவா? மாதுளையில் சர்க்கரை பீட்ரூட்டைப் போல இரண்டு மடங்கு, கலோரியும் ஏறக்குறைய அப்படியே. நாத்தனார் சொன்னது அந்த மட்டில் சரி. வைட்டமின் சி, நார்ச்சத்து இரண்டிலும் மாதுளை கொஞ்சம் முன்னே நிற்கிறது. ஆனால் ஜூஸ் கடையில் வடிகட்டி, சீனி போட்டு, ஐஸ் தட்டிக் கொடுக்கும்போது அந்த நார் வடிகட்டியிலேயே நின்றுவிடும். பீட்ரூட்டின் பலம் ஃபோலேட். சிவப்பணு உருவாக அது வேண்டும், 100 கிராமில் மாதுளையைப் போல இரண்டரை மடங்குக்கு மேல் இருக்கிறது. அதுவும் வேகவைத்த சிவப்புத் தண்ணீரைத் தொட்டியில் கொட்டாதவர்களுக்குத்தான் முழுதாகக் கிடைக்கும்.

உண்மையில் இரும்பு வேண்டுமென்றால் சிவப்பை விட்டுப் பச்சைக்கு வாருங்கள். ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் (1918-ல் நம் குன்னூரில் ஓர் ஒற்றை அறையில் தொடங்கியது இது) 2017-ல் வெளியிட்ட அட்டவணையில் முருங்கைக்கீரைக்கும் கேழ்வரகுக்கும் 100 கிராமுக்கு நான்கு மில்லிகிராமுக்கு மேல் போட்டிருக்கிறார்கள். கம்புக்கு ஆறுக்கு மேல். மாதுளையோடு ஒப்பிட்டால் பதினைந்து, இருபது மடங்கு. கொல்லையில் முருங்கை காய்த்துத் தொங்க, பழக்கடையில் கிலோ கணக்கில் மாதுளை வாங்குகிற வீடுகள் எனக்குத் தெரியும்.

ஆனால் கீரையிலும் தானியத்திலும் இருக்கும் இரும்பைக் குடல் லேசில் ஏற்காது. கூடவே எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்ந்தால் கூடுதலாக ஏற்கும். சாப்பிட்ட கையோடு டிகாஷன் காபியோ டீயோ உள்ளே போனால் கொடுத்ததில் பெரும்பகுதி வீண். அசைவம் உண்டென்றால் ஆட்டு ஈரலில் இருக்கும் இரும்பு இதைவிட எளிதாகச் சேரும். குழம்பு வைக்கப் பரணில் கிடக்கும் இரும்புச் சட்டியை இறக்குங்கள். புளியும் தக்காளியும் அதிலிருந்து கொஞ்சம் இரும்பை இழுத்துக் கொடுக்கும்.

இப்போது உங்கள் கடிதத்துக்கு வருகிறேன். இத்தனை சண்டையையும் விலாவாரியாக எழுதிவிட்டு, முக்கியமான விஷயத்தை அடைப்புக்குறிக்குள் போட்டிருக்கிறீர்கள். அவள் மாத்திரை சாப்பிடுவதில்லை! பள்ளியில் வாரம் ஒன்று கொடுக்கிற அந்த நீல மாத்திரையில் இரும்பு 60 மில்லிகிராம். மாதுளை முத்தாக அளந்தால் இருபது கிலோ. அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, அரை கிலோ பழத்துக்கு மாமியாரும் நாத்தனாரும் மல்லுக்கு நிற்கிறார்கள்.

அவள் வயதுப் பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே போனாலே ரத்தசோகை. 8.6 என்பது சாப்பாட்டை மட்டும் மாற்றிச் சரிசெய்கிற கட்டம் அல்ல. வாரம் ஒரு மாத்திரை என்பதே வராமல் தடுக்கத்தான். வந்த பிறகு அளவு கூடும், அதை மருத்துவர்தான் எழுத வேண்டும். ஏன் குறைந்தது என்பதையும் அவர்தான் பார்க்க வேண்டும். மாதவிடாயில் அதிகம் போகிறதா, வயிற்றில் கொக்கிப்புழு இருக்கிறதா, பி12 குறைவா என்று தெரியாமல் இரும்பை மட்டும் ஊற்றிக்கொண்டிருப்பது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிப்பது. அதுவும் மாதவிடாய் பற்றி அவளிடம் நீங்கள்தான் கேட்க வேண்டும், தானாகச் சொல்ல மாட்டாள். வயிறு பிரட்டுவதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். வெறும் வயிற்றில் போடாமல் சாப்பாட்டுக்குப் பிறகு போட்டாலே பலருக்கு அது அடங்கிவிடும். மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம் என்று முன்கூட்டியே அவளிடம் சொல்லி வையுங்கள். அதைப் பார்த்து மிரண்டு நிறுத்துகிறவர்கள் நிறைய.

வாங்கி வைத்த மாதுளையை என்ன செய்வது? மாமியாரையே உரித்துக் கொடுக்கச் சொல்லுங்கள். மாத்திரை போட்ட வாயில் துரு மாதிரி ஒரு ருசி நிற்கும், அதற்கு நன்றாக இருக்கும்.