கைப்பேசியில் வரும் கோரக் காட்சிகள்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான். விபத்து, வெட்டுக்குத்து, போர்க் காட்சிகள். பதிலுக்குப் போகுமுன் ஒரு வேண்டுகோள். மூன்று பேர் கேள்வியோடு அந்தக் காணொளியையும் சேர்த்து அனுப்பியிருக்கிறீர்கள். தயவுசெய்து வேண்டாம். எழுத்திலேயே எனக்குப் புரியும். வயது என்ன, எத்தனை நாளாக, தூக்கம் எப்படி, இதை எழுதுங்கள். பலர் எழுதாமல் விடுவது அதைத்தான்.

என் கணவருக்கு 41 வயது, லாரி ஓட்டுகிறார். இரவு சாப்பிட்டதும் ஒரு மணி நேரம் விபத்து, அடிதடிக் காணொளிகளைப் பார்க்கிறார். யாரையும் கைநீட்டி அடித்ததில்லை. ஆனாலும் பயமாக இருக்கிறது. அவர் மனம் கெட்டுவிட்டதா? (செந்தூல் வாசகி)

கெடவில்லை அம்மா. 2014-இல் ஐ.எஸ். கும்பல் பிணைக்கைதிகளின் தலையை வெட்டிப் படமெடுத்து வெளியிட்டபோது, அமெரிக்காவில் 3,000-க்கும் மேற்பட்டவர்களிடம் ஆய்வாளர்கள் கேட்டுப் பார்த்தார்கள். ஐந்தில் ஒருவர் கொஞ்சமாவது பார்த்திருந்தார். இருபதில் ஒருவர் முழுதாகப் பார்த்திருந்தார். இத்தனை பேரும் கொடூர மனம் படைத்தவர்களா? தங்கள் வாழ்க்கையில் ஏற்கெனவே வன்முறையைச் சந்தித்தவர்களும், அடுத்த தாக்குதலை நினைத்துப் பயந்துகொண்டிருந்தவர்களுமே அதிகம் பார்த்திருந்தார்கள். ஆபத்து எப்படி வரும் என்று தெரிந்துகொண்டால் தப்பித்துவிடலாம் என்று மனம் கணக்குப் போடுகிறது. நாள் முழுக்கச் சாலையில் இருக்கும் ஒரு லாரி ஓட்டுநர் விபத்துகளைத் தேடிப் பார்ப்பதில் எனக்கு வியப்பே இல்லை.

ஆனால் அந்தக் கணக்கு தப்பு. அந்தக் காட்சியைப் பார்த்தவர்களுக்குப் பின்னாளில் பயம் கூடித்தான் இருந்தது. ஆகவே “ஏன் இந்தக் கருமத்தைப் பார்க்கிறீர்கள்?” என்று கேட்காதீர்கள். “ரோட்டில் ஏதாவது பார்த்தீர்களா? மனதில் ஏதாவது இருக்கிறதா?” என்று கேளுங்கள். பார்க்கத்தான் வேண்டும் என்றால் சத்தத்தை நிறுத்திவிட்டுப் பார்க்கட்டும். படுக்கைக்கு முன் ஒரு மணி நேரம் வேண்டவே வேண்டாம். அடிபடுபவரைப் பார்த்து ரசித்துச் சிரிக்கிறார், இன்னும் மோசமானதைத் தேடிப் போகிறார், பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காட்டுகிறார் என்றால் மறுபடி எழுதுங்கள். அது வேறு விஷயம்.

மகன் பள்ளியில் நண்பன் காட்டிய காணொளியைப் பார்த்துவிட்டுத் தூங்குவதில்லை. என்ன செய்யலாம்? (பட்டர்வொர்த்)

வயது இல்லை, என்ன காணொளி என்று இல்லை, எத்தனை நாள் ஆயிற்று என்றும் இல்லை. 7 வயதுக்கும் 16 வயதுக்கும் ஒரே பதில் எப்படிச் சொல்வது? இடைநிலைப் பள்ளி மாணவன் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன்.

முதலில், கைப்பேசியைப் பிடுங்காதீர்கள். பிடுங்கினால் அடுத்த முறை பார்த்ததைச் சொல்ல மாட்டான். என்ன பார்த்தான் என்று அவன் வாயால் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். நீங்கள் அதைத் தேடிப் பார்க்க வேண்டிய அவசியம் இல்லை. “பார்த்தது உன் தப்பு இல்லை” என்று ஒரு முறையாவது தெளிவாகச் சொல்லுங்கள். இந்த வயதுப் பிள்ளைகள் பயத்தைவிட வெட்கத்தைத்தான் அதிகம் மறைப்பார்கள்.

இங்கிலாந்தில் 2009-இல் ஒரு சோதனை செய்தார்கள். அதிர்ச்சிப் படம் பார்த்து அரை மணி நேரம் ஆனவர்களை டெட்ரிஸ் (மேலிருந்து விழும் கட்டைகளை அடுக்கும் கணினி விளையாட்டு) விளையாட வைத்தபோது, அந்த ஒரு வாரத்தில் காட்சிகள் மனதில் திடீரென்று வந்து போவது அவர்களுக்குக் குறைவாக இருந்தது. கண்ணுக்கு வேறு வேலை கொடுத்தால் காட்சி ஆழமாகப் பதிவதில்லை. இனி இப்படி ஏதாவது நடந்தால் உடனே படம் வரையவோ கட்டை அடுக்கவோ விடுங்கள். தூக்கம் கெடுவது ஒரு மாதத்தைத் தாண்டினால் அரசாங்கக் கிளினிக்கில் காட்டி மனநல மருத்துவரிடம் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். அப்புறம், புலனத்தில் (வாட்ஸ்அப்) படமும் காணொளியும் தானாக இறங்கும் வசதியை இன்றைக்கே மூடுங்கள். வீட்டில் எல்லாருடைய கைப்பேசியிலும்.

சினிமாவில் வெட்டுவதும் இதுவும் ஒன்றுதானே?

இல்லை. 1990-களில் அமெரிக்காவில் கல்லூரி மாணவர்களுக்கு நிஜக் கசாப்புக்கூடம், நிஜ அறுவைச் சிகிச்சைக் காட்சிகளைப் போட்டுக் காட்டினார்கள். பத்தில் ஒன்பது பேர் முடியுமுன்னே நிறுத்திவிட்டார்கள். சினிமாவில் ரத்தம் பார்த்துப் பழகிய பிள்ளைகள்தான் அவர்களும்.

பார்த்துப் பார்த்துப் பழகிவிட்டால் பயம் போய்விடும் என்கிறான் நண்பன். சரியா?

அருவருப்பு மழுங்கும். பயம் அடியில் அப்படியே இருக்கும். மழுங்கியதைத் தைரியம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

நான் விபத்துக் காணொளிகளைக் குழுக்களில் போடுவது விழிப்புணர்வுக்காகத்தான். பத்துப் பேராவது வேகத்தைக் குறைப்பார்கள். இதில் என்ன தவறு? (பிறை வாசகர்)

இந்தக் கேள்வி மாதம் ஒரு தடவையாவது வருகிறது. வரும்போதெல்லாம் வயிறு எரிகிறது. கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

2017-இல் என் பெரியம்மா மகன் தஞ்சோங் மாலிம் அருகே மோட்டார் சைக்கிள் விபத்தில் இறந்தார். நடந்தது காலை ஏழு மணி வாக்கில். வீட்டுக்குத் தகவல் வந்தபோது ஒன்பது தாண்டிவிட்டது. ஆனால் பெரியம்மாவுக்கு எட்டரைக்கே தெரிந்துவிட்டது. கோயில் குழுவில் யாரோ போட்ட காணொளி. கீழே “எல்லாரும் பார்த்துப் போங்க” என்று எழுதி, கைகூப்பும் சின்னம் வேறு. முகம் தெரியவில்லை. தீபாவளிக்குத் தான் எடுத்துக் கொடுத்த சட்டையைப் பெரியம்மா அடையாளம் கண்டார். அடுப்பில் இட்லி வெந்துகொண்டிருந்தது. இன்றுவரை மகன் முகத்தை நினைக்கப் போனால் அந்தச் சட்டைதான் முன்னால் வந்து நிற்கிறது என்கிறார். காணொளியைப் போட்டவர் கெட்ட மனிதர் இல்லை. துக்கத்துக்கு வந்து வாசலில் உட்கார்ந்து அழுதார். தான் போட்டதுதான் பெரியம்மா கண்ணில் பட்டது என்று அவருக்குத் தெரியவே தெரியாது.

ஐயா, உங்கள் குழுவில் 200 பேர் இருந்தால், அதில் சாலையில் ஒருவரைப் பறிகொடுத்த வீடு ஒன்றாவது இருக்கும். நீங்கள் அனுப்பும் ஒவ்வொன்றும் அந்த வீட்டில் போய் விழுகிறது.

விழிப்புணர்வு என்றீர்கள். வெறும் பயம் பழக்கத்தை மாற்றாது. பயத்தோடு, தப்பிக்க என்ன செய்ய வேண்டும் என்ற வழியும் சேர்ந்தால்தான் மனிதர்கள் கேட்பார்கள். வழி இல்லாத பயத்தை மனம் தள்ளிவிடும், “நமக்கு நடக்காது” என்று சொல்லிக்கொள்ளும். எனவே எழுத்தில் போடுங்கள். எந்த இடம், மழையா, ஹெல்மெட் வாரைப் போட்டிருந்தாரா, அவசரப் பாதையில் நிறுத்தியிருந்தாரா. நான்கு வரி போதும். உடலைக் காட்ட வேண்டியதில்லை.

2020 ஜனவரியில் கூடைப்பந்து வீரர் கோபி பிரையன்ட் உட்பட 9 பேர் ஹெலிகாப்டர் விபத்தில் இறந்தார்கள். அங்கே பணிக்குப் போனவர்களே உடல்களைப் படமெடுத்துக் கைமாற்றினார்கள். 2022-இல் குடும்பத்தாருக்கு ஏறக்குறைய 3 கோடி டாலர் கொடுக்கச் சொன்னது நடுவர் குழு. நம் மலேசியாவிலும் பாதிக்கப்பட்டவர்களின் படங்களைப் பரப்ப வேண்டாம் என்று தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 233-ஆம் பிரிவைக் காட்டி அதிகாரிகள் பலமுறை எச்சரித்திருக்கிறார்கள். 2025 பிப்ரவரியிலிருந்து அந்தப் பிரிவின் அபராதம் 5 லட்சம் ரிங்கிட் வரை. ஆனால் அபராதத்துக்குப் பயந்து நிறுத்தாதீர்கள். என் பெரியம்மாவை நினைத்து நிறுத்துங்கள்.

காஸா காட்சிகளைப் பார்க்காமல் இருந்தால் குற்ற உணர்ச்சியாக இருக்கிறது. பார்த்தால் ஒரு வேலையும் ஓடவில்லை. வயது 22, பல்கலைக்கழக மாணவி. (கோலாலம்பூர்)

வயதோடு எழுதியதற்கு நன்றி. உங்கள் குற்ற உணர்ச்சி நல்ல மனதிலிருந்து வருவது, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். 2013-இல் பாஸ்டன் மாரத்தான் குண்டுவெடிப்புக்குப் பிறகு, அந்த வாரம் தினமும் ஆறு மணி நேரத்துக்கு மேல் செய்திகளிலேயே மூழ்கிக் கிடந்தவர்களுக்கு, அந்த இடத்தில் இருந்தவர்களைவிடக் கடுமையான மன அழுத்த அறிகுறிகள் இருந்தன. நீங்கள் உடைந்து போவதால் அங்கே யாருக்கும் ஒரு வாய்த் தண்ணீர் கிடைக்கப் போவதில்லை. நாளுக்கு ஒரு முறை, பகலில், எழுத்தில் செய்தி படியுங்கள். காணொளி வந்தால் சத்தத்தை நிறுத்துங்கள். மிச்ச நேரத்தை நிதி திரட்டும் ஏதாவது ஒரு நம்பகமான அமைப்புக்குக் கொடுங்கள்.

ஒரு காணொளி பார்த்தேன், எனக்கு பி.டி.எஸ்.டி. (பேரதிர்ச்சிக்குப் பின் வரும் மன அழுத்த நோய்) வந்துவிட்டது. மருந்து சொல்லுங்கள்.

எந்த மருத்துவர் சொன்னார்? இணையத்தில் பத்துக் கேள்விக்கு டிக் அடித்துவிட்டு நோய்க்குப் பெயர் வைக்காதீர்கள். அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில், 2013 பதிப்பின்படி, திரையில் பார்த்தது மட்டும் அந்த நோய்க்கான காரணங்களில் சேராது, வேலைக்காகப் பார்த்தால் தவிர. அதற்காக உங்கள் வேதனை பொய் என்று சொல்லவில்லை. தூக்கமும் பசியும் கெட்டிருந்தால் நேரில் போய்க் காட்டுங்கள். மருந்தைக் கடிதத்தில் கேட்காதீர்கள்.

கோலாலம்பூரில் காணொளிகளைச் சரிபார்த்து நீக்கும் வேலை. எட்டு மாதம். இப்போது சமையலறையில் கத்தி எடுக்கவே கை நடுங்குகிறது. அம்மாவிடம் என்ன வேலை என்று சொன்னதில்லை. (வயது 26)

மேலே “வேலைக்காகப் பார்த்தால் தவிர” என்று எழுதினேனே தங்கை, அது உங்களுக்காகத்தான். இது பலவீனம் இல்லை, வேலையில் பட்ட காயம். 2020-இல் முகநூல் நிறுவனம் அமெரிக்காவில் இதே வேலை செய்த 11,000-க்கும் மேற்பட்டவர்களுக்காக 5 கோடியே 20 லட்சம் டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது. கறுப்பு வெள்ளையில், சிறிய அளவில், சத்தம் இல்லாமல் பார்க்கும் வசதியை மேலாளரிடம் எழுத்தில் கேளுங்கள். இந்த மாதமே ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். கை நடுங்குவதைச் சொல்லுங்கள், விடாதீர்கள். அம்மாவிடம் என்ன பார்த்தீர்கள் என்று சொல்ல வேண்டாம், என்ன வேலை என்று மட்டும் சொல்லுங்கள். கத்தியைக் கொஞ்ச நாள் அவர் எடுக்கட்டும்.

பெயரும் ஊரும் எழுதாமல் நான்கு பக்கம் எழுதியவருக்கு: உங்கள் கடிதத்தை முழுதாகப் படித்தேன், இரண்டு முறை. இங்கே பதில் எழுதும் விஷயம் இல்லை அது. மனம் உடைந்தவர்கள் பேசுவதைக் காது கொடுத்துக் கேட்கும் அமைப்பு ஒன்று இருக்கிறது: கோலாலம்பூர் பிஃப்ரெண்டர்ஸ், 03-7627 2929. 24 மணி நேரமும் எடுப்பார்கள். இன்று இரவே அழையுங்கள்.