ஐ.பி. போட்டால் போக்குவரத்து அபராதம் போகுமா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

வட்டிக் கடன் 9 லட்சம் ஆகிவிட்டது. சப் கோர்ட்டில் ஐ.பி. (திவால் மனு) போடப் போகிறேன். வண்டி மேல் 11 ஆயிரத்துக்கு இ-செலான் நிற்கிறது. அதையும் கடன் பட்டியலில் சேர்த்தால் தள்ளுபடி ஆகுமா? (ஈரோடு வாசகர்)

ஆகாது. முதலில், செலான் கடனே இல்லை. அது உங்கள் மேல் வைத்திருக்கும் குற்றச்சாட்டு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 200-வது பிரிவுப்படி பணத்தைக் கட்டினால் விவகாரம் அதோடு முடியும். கட்டாமல் விவகாரம் கோர்ட்டுக்குப் போனால், அங்கே அபராதம் விதித்த பிறகுதான் அது நீங்கள் அரசுக்குத் தரவேண்டிய பணமாகிறது. அப்போதும் தப்ப முடியாது. 1920-ஆம் ஆண்டு மாகாண நொடிப்புச் சட்டத்தின் 44-வது பிரிவு, அரசுக்குச் சேரவேண்டிய கடனிலிருந்து விடுதலை கிடையாது என்கிறது. சென்னைக்காரர்களுக்கு 1909-ஆம் ஆண்டுச் சட்டம், 45-வது பிரிவு, பேச்சு ஒன்றுதான். போதாததற்கு, கோர்ட் விதித்த அபராதத்தைத் தீர்ப்பு தேதியிலிருந்து 6 வருடம் வரை வசூலிக்கலாம். இடையில் ஆள் இறந்தால் அவர் சொத்திலிருந்து எடுக்கலாம். உயிர் போனாலும் போகாத அபராதம் மஞ்சள் நோட்டீஸுக்கா போய்விடும்?

9 லட்சத்துக்கு வேண்டுமானால் ஐ.பி. உதவும். அதிலும் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்: மனு போடுவது பாதி வேலைகூட இல்லை. கோர்ட் உங்களைத் திவாலானவர் என்று அறிவிக்க வேண்டும், சொத்து ரிசீவர் (கோர்ட் நியமிக்கும் சொத்துப் பொறுப்பாளர்) கைக்குப் போக வேண்டும், பிறகு கோர்ட் சொன்ன கெடுவுக்குள் கடனிலிருந்து விடுவிப்பு உத்தரவு கேட்டு நீங்களே மனு செய்ய வேண்டும். கெடுவைத் தவறவிட்டால் அறிவிப்பே ரத்தாகும்.

எனக்கு 3 செலான் இருக்கிறது. கடனும் இருக்கிறது. என்ன செய்யலாம்? (ஊர் எழுதவில்லை)

எந்தப் பிரிவில் செலான், எந்த வருடத்தது, கோர்ட்டுக்குப் போய்விட்டதா, கடன் வங்கியிலா கைமாற்றா, எதுவுமே கடிதத்தில் இல்லை. எழுதி அனுப்புங்கள், பார்க்கலாம். ஒன்று மட்டும் இப்போதே: வாட்ஸ்அப்பில் வந்த செலான் லிங்க் எதையாவது தொட்டுத் தொலைக்காதீர்கள். அரசின் பரிவாகன் தளத்துக்கு நீங்களே போய் வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்கள்.

ஐ.பி. போடக் குறைந்தது எவ்வளவு கடன் வேண்டும்? (கரூர் வாசகி)

500 ரூபாய். அச்சுப் பிழை இல்லை, 1920-இல் எழுதிய தொகை.

புதிய திவால் சட்டத்தில் அபராதம் எல்லாம் ரத்து என்று யூடியூபில் பார்த்தேனே? (மதுரை வாசகர்)

அந்த 2016 சட்டத்தில் தனிநபருக்கான பகுதி, கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் போட்டவர்களுக்கு மட்டும்தான் 2019 டிசம்பரிலிருந்து நடைமுறையில் உள்ளது. மற்றவர்களுக்குப் பழைய சட்டமே. புதியது வந்தாலும் கோர்ட் அபராதம், கவனக்குறைவால் வந்த நஷ்டஈடு, ஜீவனாம்சம் எல்லாம் அதில் 'விலக்கப்பட்ட கடன்'. யூடியூப்காரர் அந்தப் பக்கத்தைப் புரட்டவில்லை போலிருக்கிறது.

இரண்டு வருடம் முன்பு பைக்கை நண்பருக்கு விற்றேன். பெயர் மாற்றத்துக்கான 29, 30 பாரங்களில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். அவர் பெயர் மாற்றவே இல்லை. இப்போது என் போனுக்கு 14 ஆயிரம் ரூபாய் செலான் வந்திருக்கிறது. தொழில் நொடித்து நானே ஐ.பி. போடும் நிலையில் இருக்கிறேன். இது யார் தலையில் விடியும்? (திருப்பூர் வாசகர்)

உங்கள் தலையில்தான். இந்த மாதிரிக் கடிதம் வராத மாதம் இல்லை. மகளுக்கு வரன் பார்க்கும்போது ஏழு ஊரில் விசாரிக்கிறவர்கள், வண்டியை விற்கும்போது மட்டும் வெற்றுப் பாரத்தில் கையெழுத்தைப் போட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுகிறார்கள்.

கேமராவுக்கு உங்கள் நண்பரைத் தெரியாது, நம்பர் பிளேட்டைத்தான் தெரியும். ஆர்.சி. யார் பெயரிலோ அவர் போனுக்குத்தான் செலான் வரும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 50-வது பிரிவுப்படி விற்றவர் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தகவல் தர வேண்டும். வாங்கியவர் செய்வார் என்று நீங்கள் விட்டீர்கள், அவர் உங்களை விட்டார். 14 ஆயிரத்தோடு போனால் நல்ல காலம். அந்த பைக் இன்சூரன்ஸ் இல்லாமல் யார் மேலாவது மோதியிருந்தால் நஷ்டஈடு லட்சக்கணக்கில் உங்கள் வீட்டுக்கு வந்திருக்கும். பல கை மாறிய ஒரு வண்டி விபத்தில், பதிவேட்டில் பெயர் உள்ளவர்தான் உரிமையாளர் என்று 2018-இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.

ஐ.பி.யில் இது இன்னொரு வகையில் கடிக்கும். பதிவேட்டின்படி பைக் உங்களுடையது. 'சொத்தை மறைத்தார்' என்று கடன் கொடுத்தவர் ஒருவர் கிளப்பினால் ரிசீவருக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். அதனால் விற்ற ரசீது, ஜிபே பதிவு, நண்பரோடு பேசிய செய்திகள் எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். இன்றைக்கே ஆர்.டி.ஓ.வுக்கு ஸ்பீட் போஸ்ட்டில் விற்ற விவரத்தை எழுதுங்கள், போய்ச் சேர்ந்ததற்கான சான்றோடு. செலானுக்கான பதிலில் வண்டியை ஓட்டியவர் யார் என்று சொல்லுங்கள்; கேட்டால் சொல்வது அதே சட்டத்தின் 133-வது பிரிவுப்படி உங்கள் கடமையும்கூட. நண்பர் மனம் நோகுமே என்று பார்த்தால் நீங்கள்தான் கட்ட வேண்டும். இனி வண்டி விற்கிறவர்கள் டெலிவரி நோட்டில் (வண்டியை ஒப்படைத்ததற்கான சீட்டில்) தேதி மட்டுமல்ல, மணியையும் எழுதி வாங்குங்கள். மாலை நாலு மணிக்கு விற்ற வண்டியின் ஆறு மணிச் செலானுக்கு அதுதான் சாட்சி.

ஐ.பி. நம்பர் ஆகிவிட்டது (கோர்ட் மனுவுக்கு எண் கொடுத்துவிட்டது). இனி பைனான்ஸ்காரர் வண்டியைத் தூக்க முடியாதல்லவா? (சேலம் வாசகர்)

தூக்கலாம். வண்டியே அடமானம், அடமானத்தின் மேல் கடன் கொடுத்தவரின் உரிமையை ஐ.பி. தொடாது. காசோலை திரும்பிய வழக்கும் தொடர்ந்து நடக்கும். மனு நம்பர் ஆனதே விடுதலை என்று நினைப்பவர்களுக்கு மேலே ஈரோட்டுக்காரருக்குச் சொன்னதுதான்.

டோல்கேட் பாக்கி திவாலில் சேருமா? (விழுப்புரம் வாசகர்)

சுங்கச்சாவடியில் கடன் சொல்லிப் போக முடியாதே, அங்கேயே வாங்கிவிடுவார்கள். செல்லுபடியாகும் பாஸ்டேக் இல்லாவிட்டால் கூடுதலாகக் கட்ட வேண்டும். 2025 நவம்பரிலிருந்து யு.பி.ஐ.யில் கட்டினால் ஒன்றேகால் மடங்கு. பாஸ்டேக் கணக்கு மைனஸில் நின்றால் அது பாஸ்டேக் கொடுத்த வங்கிக்கும் உங்களுக்கும் உள்ள கணக்கு. அந்தச் சில்லறையை வங்கிக் கடனாகப் பட்டியலில் எழுதலாம். ஆனால் வண்டி நாளைக்கும் ஓட வேண்டுமே, கட்டிவிடுங்கள்.

திவாலானால் டிரைவிங் லைசென்ஸ் போய்விடுமா? (தஞ்சை வாசகர்)

போகாது. குடித்துவிட்டு ஓட்டினால் போகும்.

ஐ.பி. போடுவதற்கு முன் காரைத் தம்பி பெயருக்கு எழுதிவைத்துவிட்டால்? (பெயர், ஊர் வேண்டாம் என்கிறார்)

வேண்டாம் என்பதன் காரணம் புரிகிறது. ஐ.பி. மனு போடுவதற்கு முந்தைய 2 வருடத்துக்குள் சும்மா எழுதிக்கொடுத்ததை, திவால் அறிவிப்பு வந்தபின் கோர்ட் ரத்து செய்யலாம், 1920 சட்டத்தின் 53-வது பிரிவு. அதற்கும் முன்னால், செலான் பாக்கி இருந்தால் ஆர்.டி.ஓ. ஆபீசில் உங்கள் பெயர் மாற்றப் பாரம் நகராது.