கண்ணாடி அணிபவருக்கு கேமிங் ஹெட்செட்: எதைச் சோதித்து வாங்குவது?

கேள்வி: நான் கண்ணாடி அணிபவன். தினமும் மூன்று மணி நேரம் ஷூட்டர் கேம் ஆடுகிறேன். ஒரு மணி நேரத்திலேயே காதுக்கு மேல் வலிக்கிறது. எதிரியின் காலடிச் சத்தம் எந்தப் பக்கம் என்றும் பிடிபடுவதில்லை. புதிதாக ஒன்று வாங்கப் போகிறேன். திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் அதை எப்படிச் சோதிப்பது?

பதில்: ஒலியைப் பிறகு பார்க்கலாம், முதலில் ஹெட்செட் தலையில் எப்படி உட்காருகிறது என்று பாருங்கள். காதுக்கு மேலே போகும் பிரேம் கம்பியை ஹெட்செட்டின் பேட் (காதைச் சுற்றி உட்காரும் மெத்தை) எலும்போடு சேர்த்து அழுத்துகிறது. வலி அங்கிருந்துதான் வருகிறது. அதே கம்பி பேடைச் சற்றுத் தூக்கியும் விடுகிறது. அந்த இடுக்கு வழியாக பாஸ், அதாவது தாழ்ந்த அதிரும் ஒலி, ஒழுகிவிடும். பாஸ் குறைகிறதே என்று ஈக்வலைசரில் (தாழ்ந்த ஒலி, உயர்ந்த ஒலியைத் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கும் அமைப்பு) கூட்டினால், வெடிச்சத்தம் காலடியை மூடிவிடும்.

இதைக் கண்டுபிடிக்க இரண்டு நிமிடம் போதும். பாஸ் நிறைந்த ஒரு பாட்டை ஓடவிட்டு, கண்ணாடியோடு ஹெட்செட்டை மாட்டுங்கள். இரு உள்ளங்கைகளாலும் கப்களை மெல்ல அழுத்துங்கள். பாஸ் சட்டென்று பெருகினால் காற்று கசிகிறது என்று பொருள். லேசாகக் கூடினால் பரவாயில்லை. இது கப்பின் வெளிப்புறம் அடைத்திருக்கும் மூடிய வகை ஹெட்செட்டுக்கான சோதனை. வெளிப்புறம் துளைகளோடு இருக்கும் திறந்த வகையில் பாஸ் இயல்பாகவே குறைவு. அறையின் சத்தமும் உள்ளே வரும்.

அடுத்து, இடையில் கழற்றாமல் 90 நிமிடம் ஆடுங்கள். கடையில் ஐந்து நிமிடம் போட்டுப் பார்ப்பதை நம்ப வேண்டாம். அழுத்தத்தின் வலி மெதுவாகத்தான் தெரியும். முடித்ததும் முகம் பார்க்கும் கண்ணாடி முன் நின்று எங்கே சிவந்திருக்கிறது என்று பாருங்கள். உச்சந்தலையில் என்றால் எடை ஒரே இடத்தில் இறங்குகிறது. ஹெட்பேண்டுக்குக் கீழே தனிப் பட்டை தொங்கும் வடிவம் அதைப் பரப்பிவிடும். காது மடலின் விளிம்பில் என்றால் கப்பின் ஆழம் போதவில்லை, காது உள்ளே இருக்கும் துணியில் உரசுகிறது. பேட் எவ்வளவு மெத்தென்று இருந்தாலும் இந்தக் குறை தீராது, திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கம்பி பதிந்த தடம் மட்டும் என்றால் துணி அல்லது வெல்வெட் பேடுக்கு மாறிப் பார்க்கலாம். அவை கம்பியைச் சுற்றி வளைந்து கொடுக்கும், வியர்வையும் குறையும், பாஸ் மட்டும் சற்று இறங்கும். செயற்கைத் தோல் நன்றாக அடைக்கும், ஆனால் சூடாகும், நாளடைவில் உரியும். அதனால் மாற்று பேட் தனியாகக் கிடைக்கிறதா என்று வாங்கும் முன்பே விசாரியுங்கள். எடை 300 கிராமுக்குள் இருந்தால் நல்லது.

வடிவமைப்பில் கவனிக்க வேண்டியது கப்பைத் தாங்கும் வளைவும் கீலும்தான். பெரும்பாலும் அங்கேதான் பிளாஸ்டிக் விரிசல் விடும். கழற்றி மாட்டும் கேபிள் பெரிய வசதி. வண்ண விளக்குகளால் எந்தப் பயனும் இல்லை. வயர்லெஸ் என்றால் சார்ஜையும் தின்றுவிடும்.

இனி ஒலி. டிரைவர் (கப்புக்குள் ஒலியை எழுப்பும் பாகம்) 50 மிமீ என்பது அளவைச் சொல்கிறதே தவிரத் தரத்தைச் சொல்வதில்லை. நன்றாக ட்யூன் செய்த 40 மிமீ அதை வென்றுவிடும். பெட்டியில் போட்டிருக்கும் 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் என்ற அதிர்வெண் வரம்பும் அப்படித்தான். எந்த அதிர்வெண் தூக்கலாக இருக்கிறது, எது அமுங்கியிருக்கிறது என்பது அதில் தெரியாது.

திசை குழம்புவதற்கு அடிக்கடி காரணமாவது சரவுண்ட், அதாவது ஒலி எல்லாப் பக்கமிருந்தும் வருவதுபோல் கேட்கச் செய்யும் வசதி, இரண்டு முறை வேலை செய்வது. 7.1 என்று விற்கப்படும் ஹெட்செட்டுகள் பெரும்பாலானவற்றில் காதுக்கு ஒரு டிரைவர்தான். மற்றதெல்லாம் மென்பொருளின் கணக்கு. வேலரண்ட் போன்ற கேம்களில் எச்ஆர்டிஎஃப் என்று இதே கணக்கு உள்ளேயே இருக்கிறது. இரண்டும் சேர்ந்தால் ஒலி கலங்கி, முன்னா பின்னா என்பதே தெரியாது. ஹெட்செட்டின் சரவுண்டை அணைத்து, விண்டோஸில் ஸ்டீரியோ வைத்து, கேமின் வசதியை மட்டும் விட்டுவையுங்கள். பிறகு ஈக்வலைசரில் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள பாஸை 3 அல்லது 4 டெசிபல் குறையுங்கள். ட்ரெபிளை (உயர்ந்த, கூரிய ஒலி) ஏற்றுவதை விட இதுவே நல்ல வழி. ஏற்றினால் காது சீக்கிரம் களைத்துவிடும். பழைய ஹெட்செட்டிலேயே முதலில் இதைச் செய்து பாருங்கள், காலடிப் பிரச்சினை அங்கேயே தீரக்கூடும்.

வயர்லெஸ் என்றால் 2.4 கிகாஹெர்ட்ஸ் டாங்கிள் (கணினியில் செருகும் சிறு கருவி) உள்ளதை எடுங்கள். வழக்கமான புளூடூத்தில் ஒலி தாமதமாக வரும். மைக்கை இயக்கியதும் தரம் தொலைபேசி அளவுக்கு இறங்கிவிடும். மைக்கைச் சோதிக்க, ஃபேன் ஓடும்போது அரை நிமிடம் பேசிப் பதிவு செய்து கேளுங்கள். "ப" வரும் இடமெல்லாம் காற்று அடித்தால், மைக்கை வாய்க்கு நேராக வைக்காமல் ஓரத்துக்குத் தள்ளுங்கள்.

ஹெட்செட் இறுக்கமாக மட்டும் இருக்கிறது, மற்றதெல்லாம் பிடித்திருக்கிறது என்றால், வைத்துக்கொள்வது என்று முடிவான பிறகு, தலையைவிடச் சற்றே அகலமான புத்தக அடுக்கில் ஓர் இரவு மாட்டி வையுங்கள். உள்ளே எஃகுப் பட்டை இருக்கும் ஹெட்பேண்டுக்கு மட்டும்தான் இது. முழு பிளாஸ்டிக் என்றால் உடைந்துவிடக்கூடும்.