சேலத்தில் மூடிய பள்ளியின் நிலத்தை மனை போட்டு விற்பதை ஊர்மக்கள் தடுக்க முடியுமா?

நிலம் யாருடையது என்பதைப் பொறுத்தது. முதலில் 'அ' பதிவேட்டை (ஒவ்வொரு நிலமும் யாருடையது என்று காட்டும் கிராம வருவாய்ப் பதிவேடு) பாருங்கள். அரசு நிலம் என்றிருந்தால், அரசு நில விற்பனையைப் பதிவு செய்ய மறுக்கச் சொல்லும் பதிவுச் சட்டம் 22-அ பிரிவைச் சொல்லிச் சார்பதிவாளரிடம் ஆட்சேபணை கொடுங்கள்.

தனியார் அறக்கட்டளை நிலமா? வில்லங்கச் சான்று போட்டு, மூலப்பத்திர எண்ணைப் பிடித்து நகல் வாங்குங்கள். பழைய ஆண்டுகளுக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் நேரில் மனு போட வேண்டியிருக்கும், அலுப்பான வேலைதான். ஆனால் தானமாகக் கொடுத்தவர் 'கல்விக்கு மட்டும்' என்று நிபந்தனை எழுதியிருந்தால் வழக்குக்கு அதைவிடப் பலம் வேறில்லை.

பலர் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் மனு கொடுத்ததோடு நின்றுவிடுகிறார்கள். மனுவோ கிராமசபைத் தீர்மானமோ கிரயத்தை நிறுத்தாது. தனியார் நிலமென்றால் நீதிமன்றத் தடையாணைதான் நிறுத்தும். மனைப்பிரிவு ஒப்புதலுக்கு முன்பே நகர் ஊரமைப்பு அலுவலகத்தில் எழுத்தில் ஆட்சேபித்து ஒப்புகை வாங்கிவிடுங்கள். ஏற்காடு என்றால் மலையிடப் பாதுகாப்புக் குழும விதிகளும் உங்களுக்குத் துணை.