சேலத்தில் கார் பார்க்கிங்கோடு வாடகை வீடு: மாடி ஏறும் முன் கீழே பாருங்கள்

கோவையிலிருந்து சேலத்துக்கு மாற்றலாகி வருகிறீர்கள், காரும் இருக்கிறது, ஃபேர்லேண்ட்ஸ், அழகாபுரம் பக்கம் பார்க்கிங்கோடு அபார்ட்மென்ட் எடுக்க என்ன பார்க்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

வீட்டைப் பார்க்க மாடி ஏறும் முன், வண்டி நிற்கப்போகும் இடத்தைப் பாருங்கள். பைக்கில் போகாதீர்கள். உங்கள் காரிலேயே போய், அந்த இடத்தில் நிறுத்தி, கதவைத் திறந்து இறங்கிப் பாருங்கள். அதைச் செய்யாமல் விட்டுத்தான் நான் பதினோரு மாதம் சிரமப்பட்டேன்.

அழகாபுரத்தில் நாங்கள் முதலில் எடுத்த வீடு நல்ல வீடு. கிழக்குப் பார்த்த வாசல், காற்றோட்டமான சமையலறை. “கார் பார்க்கிங் இருக்குங்க தம்பி” என்று வீட்டுக்காரர் சொன்னார். அந்த ஒரு வார்த்தையை நம்பி அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன். பால் காய்ச்சிய அன்று சாயங்காலம்தான் வண்டியை உள்ளே விட்டேன். இடது பக்கம் தூண், ஒரு சாண்கூட கதவு திறக்கவில்லை. அம்மாவுக்கு அப்போதுதான் முழங்கால் ஆபரேஷன் ஆகியிருந்தது, முன் சீட்டில் இடது பக்கம்தான் உட்காருவார். அதனால் ஒவ்வொரு முறையும் கேட்டுக்கு வெளியே, சாக்கடை மூடிக் கல்லின் மேல், அவரைக் கைத்தாங்கலாக இறக்கி, மதிலைப் பிடித்துக்கொண்டு நிற்கச் சொல்லிவிட்டு நான் வண்டியை உள்ளே விட வேண்டும். மழை நாளில் குடையும் அவர் கையில்தான். இதை இப்போது எழுதும்போதும் எனக்கு மனசு கஷ்டமாக இருக்கிறது.

அப்புறம் இன்னொன்று. எங்கள் வண்டிக்கு முன்னால் மூன்றாம் மாடிக்காரர் வண்டி, ஒன்றன்பின் ஒன்றாக. அவர் ஜங்ஷனில் ரயிலைப் பிடிக்கிற நாளில் விடிகாலை நாலே முக்காலுக்கு போன் வரும், “சார், வண்டியக் கொஞ்சம் எடுக்கணும்.” அவர் மேல் தப்பில்லை, அவரும் வாடகைக்கு இருப்பவர்தான். இப்படி முன்னும் பின்னுமாக நிறுத்தும் இடமா என்று கேட்காமல் விட்டது நான்.

அதனால் இரண்டாவது முறை கையில் டேப்போடு போனேன். மாருதி ஸ்விஃப்ட் 1735 மி.மீ. அகலம், அதாவது ஏறக்குறைய ஐந்தே முக்கால் அடி. பக்கக் கண்ணாடிகள் அதற்கு மேல். கதவு திறந்து ஆள் இறங்க இரண்டு அடியாவது வேண்டும். தூணுக்கும் தூணுக்கும் நடுவே ஒரு வண்டிக்கு எட்டு அடி இல்லையென்றால் நான் அந்த வீட்டைப் பார்க்க மேலேயே போகவில்லை. இன்னோவா கிரிஸ்டா வைத்திருந்தால் நீளத்தையும் அளந்துகொள்ளுங்கள், அது 4735 மி.மீ. பின்பக்கம் பாதையில் நீட்டிக்கொண்டு நின்றால் தினமும் பேச்சு வரும்.

பகலில் பார்த்துவிட்டு முடிவு செய்யாதீர்கள். இரவு ஒன்பது மணிக்கு மேல் ஒரு தடவை போங்கள். எல்லாரும் வீடு திரும்பிய பிறகுதான் உங்கள் இடத்தில் யார் வண்டி நிற்கிறது என்று தெரியும். வாட்ச்மேனிடம், “அண்ணா, இந்த வீட்டுக்கு எந்த இடம்?” என்று கேளுங்கள். வீட்டுக்காரர் காட்டிய இடத்தையே அவரும் காட்டினால் சரி. வேறு இடத்தைக் காட்டினாலோ தயங்கினாலோ அசோசியேஷன் செயலாளரிடம் பேசிவிடுங்கள். ஸ்டில்ட் பார்க்கிங், அதாவது கட்டடத்துக்குக் கீழே தூண்களுக்கு நடுவே வண்டி நிறுத்தும் இடம், அங்கே வீடு வைத்திருக்கும் எல்லாருக்கும் பொதுவானது, பில்டர் அதைத் தனியாக விற்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2010இல் தீர்ப்பு சொல்லியிருக்கிறது. எந்த வீட்டுக்கு எந்த இடம் என்பது பல கட்டடங்களில் அசோசியேஷன் ஒதுக்கீட்டில்தான் நடக்கிறது. ஒரே இடத்தை இரண்டு பேர் தன்னுடையது என்று சொல்வதை நானே பார்த்திருக்கிறேன்.

ஏரியாவைப் பொறுத்தவரை, ஃபேர்லேண்ட்ஸ், சுவர்ணபுரி, அழகாபுரம், மெய்யனூர் பக்கம் அபார்ட்மென்ட் நிறைய. ஆஸ்பத்திரிகளும் ஹோட்டல்களும் சேர்ந்தே இருப்பதால் சாயங்காலம் தெருவில் வெளி வண்டிகள் நிற்கும், கேட்டை மறைத்தும் நிற்கும். ‘வண்டிய வெளிய விட்டுக்கலாம்’ என்ற பேச்சை இங்கே ஏற்காதீர்கள். செவ்வாய்ப்பேட்டையில் சரக்கு லாரி போக்குவரத்து அதிகம், அம்மாப்பேட்டையில் பழைய குறுகலான தெருக்கள் பல, காருக்கு நான் சொல்ல மாட்டேன். கன்னங்குறிச்சி, கோரிமேடு பக்கம் தனி வீடுகள் கிடைக்கும். மாடி வீடாக இருந்தால் போர்ட்டிகோ யாருக்கு என்று கேளுங்கள், பெரும்பாலும் அது கீழே இருக்கும் வீட்டுக்காரருக்கு. ஏற்காடு போகும் வண்டிகளால் சனி, ஞாயிறும் கோடை விழா நாட்களும் அந்த ரோடு திணறும், அது மட்டும்தான் குறை. மழைக் காலத்தில் வீடு பார்த்தால் அதுவும் நல்லதுதான், பள்ளமான தெருவில் ஸ்டில்ட்டில் தண்ணீர் நிற்கிறதா என்று நேரிலேயே தெரிந்துவிடும்.

தேடுவதற்குப் புரோக்கரை மட்டும் நம்ப வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் பிடித்த தெருவில் நடந்து, தள்ளுவண்டியில் துணி தேய்ப்பவரிடம் கேளுங்கள். யார் காலி செய்கிறார்கள் என்பது ‘டு லெட்’ போர்டு மாட்டும் முன்பே அவருக்குத் தெரியும். மெய்யனூரில் இப்போது நாங்கள் இருக்கும் வீடு அப்படிக் கிடைத்ததுதான்.

பேசி முடித்ததும் ஒப்பந்தத்தில் பார்க்கிங் இடத்தின் எண், மூடிய இடமா திறந்த இடமா, மெயின்டனன்ஸ் யார் கட்டுவது என்பதையெல்லாம் எழுதி வாங்குங்கள். ‘பார்க்கிங் வசதி உண்டு’ என்ற ஒற்றை வரி போதாது. தமிழ்நாட்டில் 2017ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது, வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும் என்கிறது. வேறு விதமாக ஒப்புக்கொண்டிருந்தால் தவிர, அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது என்பதும் அதில் இருக்கிறது. ஆறு மாதம், பத்து மாதம் என்று கேட்டால் இதைச் சொல்லித் தன்மையாகப் பேசிப் பாருங்கள், எங்கள் வீட்டுக்காரம்மா நான்கு மாதத்துக்கு இறங்கி வந்தார்.

சாவி வாங்கும் அன்று உங்களோடு வண்டியில் வரப்போகிறவர்களையும் அழைத்துப் போங்கள். இந்த வீட்டுக்கு நான் அம்மாவைத்தான் அழைத்துப் போனேன். வண்டியை உள்ளே நிறுத்தியதும் அவரே கதவைத் திறந்து, காலை ஊன்றி, லிஃப்ட் வரை தனியாக நடந்தார். அதன் பிறகுதான் கையெழுத்துப் போட்டேன்.