புதிய டயர் முன்னாலா, பின்னாலா?

கேள்வி: அக்கா, பட்டர்வொர்த்தில் இருந்து தினமும் பினாங்குப் பாலத்தைக் கடந்து பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போகிறேன். என் கார் சுசுகி ஸ்விஃப்ட் ஸ்போர்ட்; டயர் அளவு 195/45 ஆர்17, ரிம் அகலம் 6.5 அங்குலம். முன்டயர்கள் இரண்டும் தேய்ந்துவிட்டன. யோகோஹாமா அட்வான் நியோவா போடு, அளவையும் 215 ஆக்கு என்கிறார்கள் நண்பர்கள். ஒரு கடைக்காரர் 1421 என்று எண் பொறித்த புதிய டயர்களைப் பாதி விலைக்குத் தருவதாகச் சொல்கிறார். இரண்டு மட்டும் வாங்கி முன்னால் மாட்டினால் போதாதா?

பதில்: தம்பி, உங்கள் கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். உயிர் சம்பந்தப்பட்டது அதுதான்.

பாகான் அஜாமில் அப்பாவின் டயர்க் கடையை நான் ஏற்று நடத்தத் தொடங்கிய புதிதில், என் காருக்கும் அப்படித்தான் செய்தேன். இழுப்பதும் திரும்புவதும் முன்சக்கரங்கள்தானே, புதியவை அங்கே இருக்கட்டும் என்று நினைத்தேன். ஒரு நாள் மாலை, தெலுக் பாஹாங்கில் இருந்து பாலிக் புலாவுக்குப் போகும் மலைப்பாதையில் நல்ல மழை. ஒரு வளைவில் எண்ணெய் மிதியிலிருந்து (ஆக்சிலரேட்டர்) காலை எடுத்தேன். காரின் பின்பகுதி மட்டும் தன் போக்கில் பக்கவாட்டில் போனது. கார் குறுக்கே திரும்பி, மலையோரக் கால்வாயை ஒட்டி நின்றது. பின்னிருக்கையில் என் மகள் இருந்தாள். அன்று முதல் இரண்டு டயர் மட்டும் வாங்குகிற யாருக்கும் அவற்றை நான் முன்னால் மாட்டித் தருவதில்லை.

முன்சக்கரம் தண்ணீரில் மிதந்தால் கார் வளைய மறுத்து நேராகப் போகும். அது ஸ்டீயரிங்கிலேயே தெரிந்துவிடும். வேகம் குறைந்ததும் பிடி திரும்பும். பின்சக்கரம் மிதந்தால் கார் சுழலும். அதைத் திருப்பிப் பிடிக்க அனுபவமுள்ள ஓட்டுநருக்கே நேரம் போதாது. அதனால் முன்சக்கர இழுவைக் காராக இருந்தாலும் புதியவை பின்னால்தான். உங்கள் பின்டயர்கள் நன்றாக இருந்தால் அவை முன்னுக்கு வரட்டும். பணம் இருந்தால் நான்கையும் ஒரே வகையாக மாற்றுங்கள். இந்தக் காருக்கு நான் விரும்புவது அதைத்தான்.

நியோவா அருமையான டயர், மறுக்கவில்லை. வறண்ட சாலையில் அதன் பிடிப்பு அபாரம். ஆனால் அந்த வகை டயர்களில் ரப்பர் மென்மையானது, நீர் வெளியேறும் பள்ளங்கள் குறைவு. டயரின் மேல் உள்ள அந்தப் பள்ளக் கோலத்தை மலாயில் ‘புங்கா’, அதாவது பூ என்று அழகாகச் சொல்கிறார்களே, அந்தப் பூதான் மழையில் நம்மைக் காக்கிறது. பக்கவாட்டில் ‘டிரெட்வேர்’ என்ற சொல்லுக்குப் பக்கத்தில் ஓர் எண் இருக்கும். அது 200 அல்லது அதற்கும் கீழே என்றால் பந்தயத் திடலை நினைத்துச் செய்த டயர். சீக்கிரம் தேயும், இரைச்சலும் அதிகம். நீங்கள் ஓட்டுவதோ தினமும் 13.5 கிலோமீட்டர் நீளப் பாலத்தில், கடற்காற்றோடு அடிக்கும் மழையில். மிச்செலின் பைலட் ஸ்போர்ட், கான்டினென்டல் மேக்ஸ்கான்டாக்ட் போன்ற சாலை வகைகளில் உங்கள் அளவில் கிடைப்பதைப் பாருங்கள். வளைவில் அவையும் உங்களை ஏமாற்றாது.

215 வேண்டாம். 6.5 அங்குல ரிம்மில் அந்த அகலம் பிதுங்கி நிற்கும். ஸ்டீயரிங்கின் கூர்மை போய்விடும். ஸ்விஃப்டின் அழகே அந்தக் கூர்மைதான். 195 போதும். டயர் தாங்கும் வேகத்தைக் காட்டும் எழுத்தும், சுமையைக் காட்டும் எண்ணும் பழைய டயரில் உள்ளதைவிடக் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

1421 என்பது 2021ஆம் ஆண்டின் 14ஆவது வாரத்தில் செய்தது என்று பொருள். நம் வெப்பத்தில் கிடங்கில் அடுக்கிக் கிடந்த ரப்பர் இறுகியிருக்கும்; பூ முழுதாக இருந்தாலும் ஈரத்தில் வழுக்கும். பாதி விலையானாலும் வாங்காதீர்கள். ஓராண்டுக்குள் செய்ததைக் கேட்டு வாங்குங்கள். அடுத்த முறை, பள்ளத்தின் ஆழம் சட்டம் சொல்லும் 1.6 மில்லிமீட்டருக்குத் தேயும் வரை காத்திருக்காமல் 3 மில்லிமீட்டரிலேயே மாற்றிவிடுங்கள்.

மாட்டிய அன்றே அலைன்மென்ட் பார்த்துவிடுங்கள். முதல் 200 கிலோமீட்டருக்கு நிதானமாக ஓட்டுங்கள். டயரை வார்க்கும் அச்சிலிருந்து எளிதாக எடுக்கப் பூசிய வழுவழுப்பு புதிய ரப்பரின் மேல் இன்னும் இருக்கும்.